மாடில்லாத வீட்டுப் புல்

ஓய்வு பெற்ற மறுமாதம் தென்காசிப் பக்கம் ஒரு நர்சரியில் காசு கொடுத்துப் புல் வாங்கினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்காரர் வழி நெடுக என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார், கேட்கவில்லை. கேட்கும் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

"என்னது இது?"

"புல்லு."

"புல்லுன்னு எனக்குத் தெரியாதா? காசு குடுத்தா வாங்கினிய?"

தலையை ஆட்டினேன். அவள் பையின் வாயை விலக்கி ஒரு தாளைக் கிள்ளி, மோந்து பார்த்து, கீழே போட்டாள்.

"எங்க அய்யாட்டச் சொல்லியிருந்தா வண்டி வண்டியாப் பிடுங்கித் தந்திருப்பாவளே. சரி, மாடு எப்ப வருது?"

அவள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசன வயல்காரர் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகுமுன் வயலில் இறங்கிக் கோரை பிடுங்கிவிட்டுப் போன பிள்ளை. புல் என்றால் குனிந்து பிடுங்கி வரப்பில் எறிய வேண்டிய பொருள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த தாவரவியல். நான் அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவன். வாங்கி வைத்துவிட்டு வேலைக்காலம் முழுவதும் தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றும் பார்த்தேன். எந்தக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு என்று தெரிந்தால் எனக்கு மனசு ஆறும். இல்லாத காரியத்துக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதிவிடுவேன் என்று ஆபீஸில் பெயர்.

நர்சரிக்காரர் அதை ஃபவுண்டன் கிராஸ் என்றார். ஒரே தூரிலிருந்து தாள்கள் எழுந்து நாலு பக்கமும் வளைந்து விழும். நுனியில் அணில் வால் போல வெளுத்த ஊதாநிறக் கதிர்கள் ஆடும். ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், அழகுக்கு மட்டும்தான். இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூக்கு வழியாக, "ம்க்கும்" என்றாள்.

அந்த "ம்க்கும்" பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதவி உயர்வு வந்த அன்றும் அதுதான். வராத அன்றும் அதுதான். 

எங்கள் வீடு ஊர்க் கடைசியில், கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது. மழையில் பசை, கோடையில் கை நுழையும் அளவு வெடிப்பு. வைகாசி பிறந்தால் மேற்கே மலை இடுக்கு வழியாகக் காற்று புறப்பட்டு வந்துவிடும், ஆவணி வரை ஓயாது. துவைத்துப் போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடைக்கும். அவள் வைத்த பிச்சிப்பூப் பந்தல் இரண்டு முறை சாய்ந்தது. செம்பருத்தி மொட்டோடு உதிர்ந்தது. வாழை இலை கிழிந்து நாராகத் தொங்கியது. இந்த மண்ணுக்கும் இந்தக் காற்றுக்கும் ஏற்றது எது என்று முறைப்படி யோசித்துத்தான் நான் புல்லுக்கு வந்தேன்.

முறைப்படியே வைத்தேன். கரிசலைத் தோண்டி வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணும் பொடிச்சல்லியும் கலந்து மேட்டுப் பாத்தி கட்டினேன். தூர் மண்மட்டத்துக்கு மேலே ஏறாமலும் புதையாமலும் பார்த்துக்கொண்டேன். உரம் கிடையாது. கொழுக்க வைத்தால் தாள் சாய்ந்துவிடும், அரைப்பட்டினி போட்டால் நிமிர்ந்து நிற்கும். சம்பளக் கமிஷன் காலத்தில் அரசாங்கம் எங்களைப் பற்றி இதையேதான் நினைத்தது. வருஷம் ஒரு முறை மாசியில், காய்ந்த தாள்களைச் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தூரைத் தோண்டிப் பிரித்து நட வேண்டும். இந்தப் புல் வெளிப்பக்கமாகவே வளரும், நடுவில் செத்துக்கொண்டே வரும். பிரிக்காமல் விட்டால் கடைசியில் வெறும் வளையம்தான் மிஞ்சும்.

முதல் ஆனியிலேயே அது ஆளுயரத்துக்குப் பாதி வந்து கதிர் தள்ளியது. காற்று வந்தால் மொத்தமாகப் படுத்து, ஒரு மூச்சு விட்டதும் மொத்தமாக எழுந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க வீட்டுக்காரவுக மாடில்லாத தொழுவுக்குப் புல்லு வளக்காவ." எதிர்வீட்டு அம்மாள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள்.

மூன்றாம் வருஷம் பிரித்து நட வேண்டிய மாசியில் என் மனைவி விழுந்தாள். காலையில் அடுப்படியில் தோசைக் கரண்டி அவள் கையை விட்டு விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. கரண்டி இல்லாத கையால் தோசையைத் திருப்பப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் கிடந்து, பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விளங்காத ஆளாக வீடு வந்தாள். பேச்சும் போயிற்று. ஆனால் பழக்கத்தில் ஊறிய சொல் ஒன்றிரண்டு சிலருக்குத் தங்கும் என்றார் டாக்டர். அவளுக்கு "ஆமா" தங்கியது, "போதும்" தங்கியது. பிறகு ஒரு நாள் நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, "நல்லாருக்கா, நாந்தான் காய்ச்சினேன்" என்று கேட்டபோது, மூக்கு வழியாக அது வந்தது. ம்க்கும். அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

முன்னறையில் மேற்குச் சன்னல் ஓரம் கட்டிலைப் போட்டேன், டிவிக்கு நேராக. அவள் டிவியைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க என்ன இருந்தது? காம்பவுண்டுச் சுவர், அதற்கப்பால் காலி பிளாட், சுவருக்கு இந்தப் பக்கம் என் புல். பிச்சிப் பந்தலையும் செம்பருத்தியையும் கவனிக்க ஆளில்லாமல் அவை போய்விட்டிருந்தன. காற்று பிறந்ததும் புல் ஆடத் தொடங்கியது. காலையில் தலையணையை உயர்த்திச் சாய்த்து வைத்தால் மத்தியானம் வரை கண்ணை எடுக்க மாட்டாள். புழுதி வருகிறதே என்று நான் சன்னலைச் சாத்தினால் இடது கையால் கட்டில் சட்டத்தில் அடிப்பாள். திறந்தால்தான் நிறுத்துவாள்.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன, மாடு வாங்கிருவமா?" என்று கேட்டேன். பாதி வாயால் சிரித்தாள். மறுபாதி சிரிக்காததால் அது அழுகை மாதிரியும் இருந்தது.

வாழ்நாளில் புல்லை ஏறெடுத்துப் பார்க்காதவளுக்கு, அசைகிற பொருள் என்று உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். அதனால் அந்தப் புல்லைக் காப்பது என் வேலையாயிற்று. அதில்தான் சிக்கல் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசியில் அறுப்பும் இல்லை, பிரிப்பும் இல்லை. ஐப்பசி மழை முடிந்தபோது தூரின் நடு செத்துவிட்டது. செத்த இடத்தில் கரையான் ஏறி மண் கட்ட ஆரம்பித்தது. கார்த்திகை கடைசியில் காய்ந்த தாள்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குக் கூம்பாக நின்றது. கரையான் மருந்து வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டாள். என் மனைவி விழுந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரு வேளை ரசமாவது கொண்டுவந்து தராமல் இருக்காதவள். வெள்ளிக்கிழமை கோயில் தவறாதவள்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்களேன்! புத்துல்லா வளந்திருக்கு!"

"கரையான் பிடிச்சிருக்கு. மருந்து ஊத்தணும்."

"வாயக் கழுவுங்க. மதினி கெடையாக் கெடக்கதப் பாத்துட்டு ஆத்தாளே தேடி வந்திருக்கா. மருந்து ஊத்துதாராமே மருந்து!"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமே புற்றுமண்தான். காய்ச்சலுக்கு நெற்றியில் பூசுவார்கள், சிரங்குக்குக் குழைத்துப் போடுவார்கள், ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான் மாத்திரையை விழுங்குவேன், என் மனைவி மண்ணைப் பூசுவாள், காய்ச்சல் இறங்கியதும் மண்ணுக்கு நன்றி சொல்வாள். புற்றைக் கலைப்பது இந்த ஊரில் யாரும் செய்கிற காரியம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் மஞ்சள் தடவியிருந்தது. அதற்கடுத்த வெள்ளி பாலும் முட்டையும். தெருப் பெண்கள் மூன்று நான்கு பேர் வந்து கும்பிட்டார்கள். காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் சூடம் ஏற்றக்கூடாது என்று மட்டும் நான் உத்தரவு போட்டேன், அதை மதித்தார்கள். ஆக்கிரமிப்பு அகற்றும் நடைமுறை எனக்கு மனப்பாடம். நோட்டீஸ், விசாரணை, ஆணை, போலீஸ் பாதுகாப்பு. ஆனால் ஆக்கிரமித்தது சாமி என்றால் எந்தத் தாசில்தாரும் ஃபைலை அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிவிடுவார். நானும் தள்ளியிருக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாள் அந்தப் புற்றிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் குழைத்துக் கொண்டுவந்து என் மனைவி நெற்றியில் இட்டாள். அவள் கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ம்க்கும்" என்றாள். அது எங்கள் இருவரில் யாருக்கு என்று தெரியவில்லை.

தை முடிந்தது. புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த மாசியிலும் அறுக்காமல் விட்டால் புதுத் தளிர் பழைய தாளுக்குள் நெருங்கிச் செத்துவிடும், வெளிவளையத்தையும் கரையான் தின்றுவிடும், ஆனியில் ஆடுவதற்கு ஒன்றும் இராது. அறுத்தால் தூர் பிழைக்கும். ஆனால் வைகாசி வரை சன்னல் திட்டுக்கு மேலே ஒரு தாளும் தெரியாது. அவள் பார்த்துக்கொண்டிருப்பது வெறும் சுவராக இருக்கும். அவளுக்கு வைகாசி உண்டா என்பதற்கு எந்த நடைமுறையும் இல்லை. டாக்டர் மருந்தை மாற்றுவதை நிறுத்திவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லத் தொடங்கியிருந்தார். எனவே நான் ஆபீஸ்காரன் செய்வதைச் செய்தேன். நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

அவள் தள்ளிவைக்கவில்லை. ஒரு காலையில் இடது கையை நீட்டி, எதையோ சேர்த்துப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கி, தன் பக்கமாக இழுத்தாள். தண்ணீர் வேண்டுமா என்றேன். மறுபடி அதே சைகை. போர்வையா என்றேன். கட்டில் சட்டத்தில் அடித்தாள். மறுபடி பிடித்து இழுத்தாள். எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. தாளைச் சேர்த்துப் பிடித்து அரிவாளை இழுக்கிற கை அது. கையில் அரிவாள்தான் இல்லை.

"அறுத்தா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒன்னும் தெரியாது. மொட்டையா இருக்கும்."

"ஆமா."

"சுவரைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

"ஆமா." பிறகு, பொறுமை போய், "போதும்."

மகள் பெங்களூரில் இருக்கிறாள். அன்று மாலை போனில் சொன்னேன்.

"அம்மா என்ன சொல்றா?"

"அறுக்கச் சொல்லுதா."

"அப்ப அறுங்கப்பா. அவ சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க? இதையாவது கேளுங்க."

"எதிர்வீட்டு அம்மா புத்து புத்துங்கா."

"புத்த விட்டுருங்க, புல்ல அறுங்க. இதுக்குப் போயி எனக்கு போன் போடுறீங்க."

இப்படி ஒரு எளிய உத்தரவை என் முப்பது வருஷ சர்வீஸில் நான் வாங்கியதில்லை.

மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளி வந்து பாத்தி ஓரம் நிறுத்தினேன். விழுந்த பிறகு அவள் அந்தப் புல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் முறை. எதிர்வீட்டு அம்மாள் கேட்டருகே வந்து நின்றாள்.

"சீக்காளிய வீட்ல வச்சிக்கிட்டு இந்தக் காரியம் செய்யாதிய அண்ணாச்சி. புத்துக்குக் குடை பிடிச்ச மாதிரில்லா நிக்கி அந்தப் புல்லு."

"புத்தத் தொட மாட்டேன். சுத்தி மட்டும்தான்."

"தொட்டாத்தானா? அரவம் உள்ள இருந்தா அதிருமே."

"இருந்தா உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கேன்."

"உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான். மதினி, நீங்களாவது சொல்லுங்க."

என் மனைவி இடது கையைத் தூக்கி, சேர்த்துப் பிடித்து, இழுத்துக் காட்டினாள். எதிர்வீட்டு அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

கயிற்றால் சேர்த்துக் கட்டி, கையுறை போட்டு அறுத்தேன். இந்தத் தாளின் ஓரம் பிளேடு போல. வெளிவளையத்தை மண்வெட்டியால் கிளப்பி, உயிருள்ள துண்டுகளாக வெட்டி, புற்றைச் சுற்றி எட்ட எட்டத் தனித்தனிக் குழியில் நட்டேன். புற்று நடுவில் தனியாக நின்றது, பட்டா வாங்கிவிட்ட ஆக்கிரமிப்புப் போல. அறுத்த கட்டிலிருந்து கதிரோடு ஒரு பிடியை உருவி அவள் மடியில் வைத்தேன். பிடித்துக்கொண்டாள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்போது வாங்கப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் ஒரு பித்தளைக் குடத்தைக் கட்டிலுக்கு எதிரே வைத்து அதில் சொருகினேன். அப்போதுதான் கையை விட்டாள்.

குடத்துப் புல் அசையவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். சுவரில் சுவிட்ச்சுப் பலகை. ஃபேனைப் போட்டேன். போதாது என்று கை சொன்னது. ரெகுலேட்டரைக் கடைசி வரை திருகினேன். கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, சாய்ந்தன. பஞ்சு பறந்து என் மூக்கில் ஏறித் தும்மினேன்.

"ஆமா" என்றாள்.

பங்குனி முழுக்க அந்த ஃபேன் ஓடியது. தினம் காலையில் வெளியே போய்க் குனிந்து தளிரை அளந்துவிட்டு வந்து அவளிடம் சொல்வேன். "வந்துட்டு, நாலு விரக்கடை." "ஒரு சாணை எட்டிரும்." அவள் மூக்கு வழியாகப் பதில் சொல்வாள். துண்டுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. நடைமுறைப்படி எல்லாம் சரியாக நடந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம் இரண்டாம் முறை தாக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசம் இல்லை. தளிர் சன்னல் திட்டுக்கு எட்ட இன்னும் ஒரு முழம் இருந்தது.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் கேட்டருகே புற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்தார்கள். "சொன்னேன், கேக்கலியே" என்று ஒரு குரல் கேட்டது. எதிர்வீட்டு அம்மாளின் குரல். பிறகு அவளே உள்ளே வந்து, என் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, மற்ற யாரையும்விட அதிகமாக அழுதாள். என்னிடம் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ரத்தக் குழாய், ரத்த அழுத்தம், முதல் முறை வந்தவர்களுக்கு மறுமுறை வருவது எல்லாம் எனக்குத் தெரியும். பதில் தயாராக இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஆனால் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது நானும் அந்தப் புற்றில் குழாய்த் தண்ணீர் படாமல் சுற்றித்தான் ஊற்றுகிறேன்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் நானே போய் வரிசையில் நின்றேன். எந்த ஜன்னலில் யார் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. இத்தனை சீக்கிரம் முடியாமல் இருந்திருக்கலாம்.

பதினாறு கழிந்து வீட்டைக் கழுவிய அன்று மகள் குடத்தைத் தூக்கினாள். "அப்பா, இது பூராப் பஞ்சாக் கொட்டுது. தூர எறிஞ்சுரவா?"

"இருக்கட்டும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இப்போது ஆனி. வெளியே துண்டுகள் எல்லாம் தனித்தனித் தூராகி, புற்றைச் சுற்றிக் கதிர் தள்ளி நிற்கின்றன. இத்தனை செழிப்பாக எந்த வருஷமும் இருந்ததில்லை. காற்று வரும்போது மொத்தமாகப் படுத்து மொத்தமாக எழுகின்றன. போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் ரசத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டருகே நின்று அதைப் பார்த்தாள். "நல்லா வந்துட்டு அண்ணாச்சி" என்றாள். பிறகு, "மாடுதான் வரல" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தாள். நான் தூக்குச்சட்டியைக் கழுவித் தர உள்ளே போனேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் முன்னறையில் ஃபேனைப் போடுவேன். கட்டில் அங்கேதான் கிடக்கிறது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். குடத்தில் இருப்பது இப்போது பெரும்பாலும் காம்புதான், பஞ்செல்லாம் போய்விட்டது, ஆனாலும் ஃபேன் காற்றில் கொஞ்சம் அசையும். நேற்றுக் கரண்ட் போய்விட்டது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழலுகிற மாதத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் இல்லை. ஃபேன் மெல்ல நின்றது, குடத்துக் காம்புகள் நின்றன. சன்னலுக்கு வெளியே புல் ஆடிக்கொண்டே இருந்தது. நான் கரண்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.